சந்தைக்கு வராத சரக்கு

2025ஆம் ஆண்டு ரமளானுக்கு முன் ஒரு முன்னாள் மாணவர் என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டார். இன்னும் வெளிவராத ஒரு பொருளை, வந்ததும் வாங்கித் தருவதாகக் கூறி, நிர்ணயிக்கப்பட்ட விலையைவிடப் பதினைந்தாயிரம் ரூபாய் கூடுதலாக இப்போதே பேசி முன்பணம் பெற்றுக்கொள்வது கூடுமா என்பது அவருடைய கேள்வி. பொருள் நெல்லுமன்று, பேரீச்சம்பழமுமன்று. கணினிக்குள் பொருத்தப்படும் கிராஃபிக்ஸ் கார்டு.

அவர் எங்கள் மத்ரஸாவில் ஹிஃப்ழை முடித்துவிட்டுக் கல்லூரிக்குச் சென்றவர். இப்போது பொறியாளர்களுக்கு வீட்டு எலிவேஷன் படங்களும், கட்டப்படாத வீட்டுக்குள் நடந்து செல்வது போன்ற காணொளிகளும் செய்து கொடுத்துப் பிழைக்கிறார். அவருடைய கணினியில் இருப்பது 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1660. அதன் நினைவகம் 6 ஜிபி. ஒரு நிமிடக் காணொளிக்கு இரவு முழுவதும் கணினி ஓடுகிறது. காலையில் வாடிக்கையாளர் தரைக்கல்லின் நிறத்தை மாற்றச் சொன்னால் மறுபடியும் ஓர் இரவு. காத்திருக்க மனமில்லாத இரண்டு பொறியாளர்கள் வேறிடம் சென்றுவிட்டார்கள். அவருடைய தங்கைக்கு ஷவ்வாலில் நிகாஹ். ஆகவே இது விளையாட்டுப் பிள்ளையின் ஆசை என்று ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அன்று. அவருடைய ரிஸ்க் அதில் இருக்கிறது.

அவர் காத்திருந்தது ஆர்டிஎக்ஸ் 5070க்காக. 2025 ஜனவரி 6 அன்று லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங் அதை அறிவித்தார். விலை 549 டாலர். முந்தைய தலைமுறையில் 1,599 டாலருக்கு விற்ற 4090 காட்டிய வேகத்தை இது காட்டும் என்றார். அரங்கம் கைதட்டியது. 549 டாலர் அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 47 ஆயிரம் ரூபாய். நம் நாட்டில் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிறவும் சேர்ந்து 59,000 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. விற்பனை மார்ச் 5 அன்று தொடங்கியது. அதாவது ரமளானின் முதல் வாரம்.

2024இன் பிற்பகுதியிலேயே 4070 சூப்பர் வாங்கியிருக்கலாம். புதியது வரப்போகிறதே என்று விட்டுவிட்டார். அதற்குள் பழைய வரிசையின் வரத்துக் குறைந்து, எஞ்சியவற்றின் விலை ஏறிவிட்டது. இந்தத் துறையில் எப்போதும் ஏதோ ஒன்று வரப்போகிறது. அப்போதும் பாருங்கள், போட்டி நிறுவனமான ஏஎம்டி தன்னுடைய 9070 வரிசையை அதே மார்ச் மாதத்தில் கொண்டுவந்தது. அவர் என்னிடம் கேட்டபோது விலையை வெளியிட்டிருக்கவில்லை. அதையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று அவருடைய நண்பர்கள் சொன்னார்களாம்.

முதலில் மேடையில் சொல்லப்பட்ட அந்த வேகத்தைப் பார்ப்போம். 549 டாலர் அட்டை எவ்வாறு 1,599 டாலர் அட்டைக்கு நிகராகும்? அட்டை தானே கணக்கிட்டு வரையும் ஒவ்வொரு சட்டகத்துக்கும் இடையில், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மூன்று சட்டகங்கள் வரை ஊகித்து நுழைக்கும் வசதி புதிய வரிசையில் இருக்கிறது. திரையில் ஓடும் நான்கு சட்டகங்களில் மூன்று ஊகம். இந்த எண்ணிக்கையையும் சேர்த்துத்தான் அந்த ஒப்பீடு. செயற்கை நுண்ணறிவு இல்லாமல் இது இயலாது என்பதை ஹுவாங் அதே மேடையில் சொல்லவே செய்தார். மறைத்தார் என்று கூறினால் அது அநீதியாகும். ஆயினும் கேட்டவர்களின் நெஞ்சில் நின்றது முதல் வாக்கியம் மட்டுமே.

ஃபிக்ஹ் பாடத்தில் ‘தஸ்ரியா’ என்ற ஒரு மஸ்அலா உண்டு. விற்பதற்கு முன் சில நாள்கள் ஒட்டகத்தையோ ஆட்டையோ கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, நிறையப் பால் தருவது போலக் காட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்கிக் கறந்து பார்த்தபின் ஏமாற்றம் கண்டவர், வைத்துக்கொள்ளவும் செய்யலாம். ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரவும் செய்யலாம். இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் ‘இக்காலத்தில் மடி எங்கே இருக்கிறது?’ என்று பிள்ளைகளைக் கேட்பது என் வழக்கம். அலைபேசி கேமராவின் மெகாபிக்சல், வீட்டுமனை விளம்பரத்தில் ‘பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்’ என்று ஏதேதோ சொல்வார்கள். இனி கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்துக்கொள்ளலாம். 2014இல் இதே நிறுவனம் விற்ற ஜிடிஎக்ஸ் 970இன் 4 ஜிபி நினைவகத்தில் கடைசி அரை ஜிபி மட்டும் மிக மெதுவாக இயங்கியது. வாங்கியவர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். 2016இல் அட்டைக்கு 30 டாலர் கொடுப்பதாகச் சமரசம் ஏற்பட்டது. ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தை விற்றவரிடமிருந்து வாங்கியது போல!

நான் மாணவரிடம் கேட்டது இதுதான்: “தம்பி, ஊகித்து நுழைக்கும் சட்டகத்தால் உன் வேலைக்கு என்ன பயன்?” அவர் சிறிது யோசித்துவிட்டு, “ஒன்றுமில்லை ஹஸ்ரத்” என்றார். அந்த வசதி விளையாட்டுகளுக்கு. பிளெண்டரில் அவர் செய்யும் காணொளியில் ஒவ்வொரு சட்டகத்தின் ஒளியையும் நிழலையும் அட்டை உண்மையாகவே கணக்கிட்டாக வேண்டும். அங்கே தேவை இரண்டு. ஒன்று கணக்கிடும் திறன். மற்றொன்று வீட்டின் முழுக் காட்சியும் அடங்கும் அளவுக்கு நினைவகம். 5070இல் இருப்பது 12 ஜிபி, மேடையில் ஒப்பிடப்பட்ட 4090இலோ 24 ஜிபி. காட்சி அடங்காமல் கணினியின் பொது நினைவகத்துக்கு வழிந்தால் வேகம் வீழ்ந்துவிடும். சில நேரங்களில் வேலையே நின்றுபோகும். ஆக அவர் விலை பேசிக்கொண்டிருந்த பொருளின் புகழ் அவருக்குப் பயன்படாத இடத்தில் இருந்தது. ஜனவரி 30 அன்று வெளிவந்த 5080ஐச் சோதித்தவர்களும், ஊக சட்டகங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் முந்தைய 4080 சூப்பரைவிடச் சற்றே கூடுதல் என்றுதான் எழுதினார்கள். 5070 எப்படியென்று அப்போது தெரிந்திருக்கவில்லை. தெரிவதற்கு முன்பே ஒருவர் அதற்குப் பதினைந்தாயிரம் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இனி மஸ்அலாவுக்கு வருவோம்.

கையில் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கூறியது நாம் அறிந்ததே. இதற்கு விதிவிலக்காக ‘ஸலம்’ எனும் முன்பண வணிகம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மதீனாவாசிகள் கனிகளுக்காக ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்து வந்தார்கள். அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்கட்டும் என்ற நிபந்தனையோடு நபியவர்கள் அதை ஏற்றார்கள். அட்டையின் பெயரும் தரமும் தெளிவு; நாளும் தெளிவு; அப்படியானால் கூடும்தானே என்றார் மாணவர். அங்கேதான் சிக்கல். ஸலமில் முழு விலையையும் ஒப்பந்த அமர்விலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் உள்ள நிபந்தனை. அவருக்கு வரவிருந்ததோ ஐயாயிரம் ரூபாய் முன்பணம் மட்டுமே. மேலும் ஹனஃபி மத்ஹபில், ஒப்பந்த நாளிலிருந்து ஒப்படைக்கும் நாள்வரை அப்பொருள் சந்தையில் இருந்தாக வேண்டும். இன்னும் வெளிவராத அட்டை முதலிலேயே விலகிவிடுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் ஒப்படைக்கும் நாளில் கிடைக்கக்கூடியதாக இருந்தால் போதும். ஆனால் ஜனவரி 30 அன்று 5090உம் 5080உம் வந்த வேகத்தில் மறைந்ததையும், பிப்ரவரி 20 அன்று 5070 டிஐ வந்தபோதும் அறிவித்த விலையில் அது அரிதாகவே கிடைத்ததையும் பார்த்தவர், மார்ச் 5 அன்று நிச்சயம் கிடைக்கும் என்று எந்தத் துணிவில் கையெழுத்திடுவார்? ஆகவே கூடாது என்றேன். முன்பணத்தை வாங்க வேண்டாம் என்பதை அவர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார்.

ஆனால் மறுநாள் அஸருக்குப் பின் வந்து வேறொரு வாசலைத் தட்டினார். வாங்கிக் கைக்கு வந்தபின் விற்றால்? இரண்டு வாங்கி ஒன்றை இலாபத்துக்கு விற்றால் என் அட்டையின் சுமை குறையுமே என்றார். ஆதாரமும் கொண்டுவந்திருந்தார்! உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்கிவர நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அதில் இரண்டு ஆடுகள் வாங்கினார்; ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். நபியவர்கள் அவருடைய வணிகத்தில் பரகத்துக்காக துஆச் செய்தார்கள். புகாரியில் உள்ள செய்தி. இதை அவருக்குப் பாடம் சொன்னவன் நானே. ஓதிக் கொடுத்ததை மாணவர் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தும்போது ஆசிரியருக்கு உண்டாகும் மகிழ்ச்சியை மறைப்பது கடினம்.

அவர் சொன்னது அடிப்படையில் சரியே. மார்க்கம் இலாபத்துக்கு உச்சவரம்பு விதிக்கவில்லை. மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலை நிர்ணயம் செய்யும்படி மக்கள் வேண்டியும், விலையை ஏற்றி இறக்குபவன் அல்லாஹ்வே என்று கூறி நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். அறிவிக்கப்பட்ட 59,000 என்பது நிறுவனத்தின் பரிந்துரை மட்டுமே. ஷரீஅத்தின் எல்லைக்கோடு அன்று. பதுக்கல் ஆகுமா என்றால், ஷாஃபிஈ அறிஞர்கள் அத்தடையை உணவுப் பொருள்களோடு நிறுத்துகிறார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ, தடுத்துவைத்தால் மக்களுக்குத் தீங்கு தரும் எதுவும் பதுக்கலே என்கிறார்கள். ஒரேயோர் அட்டையை விற்பவரை இவ்விரண்டில் எதிலும் அடக்க முடியாது.

பின் எங்கே தடுக்கிறது? விற்பனைத் தளங்கள் ஒருவருக்கு ஒன்று என்று வரம்பு வைத்திருந்தன. இரண்டாவதை உம்மாவின் பெயரில் கணக்குத் திறந்து வாங்குவது என்பது அவருடைய திட்டம். மூன்றாவதைத் தங்கையின் பெயரில் எடுக்கலாம் என்று நண்பர் ஒருவர் யோசனையும் கூறியிருந்தார். உர்வா (ரலி) அவர்கள் திறந்த சந்தையில் தம் சொந்த முகத்தோடு நின்று பேரம் பேசி வாங்கினார்கள். இங்கே உம்மாவுக்கு அந்த அட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்கள் வாங்குவதாகக் காட்டுவது பொய். இலாபம் ஹலாலாக இருந்தும் வாசல் பொய்யாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய அளவில் நடப்பதும் உண்டு. 2020 செப்டம்பர் 17 அன்று 699 டாலருக்கு 3080 வெளிவந்தபோது, மனிதர் பொத்தானை அழுத்துவதற்குள் தானியங்கி மென்பொருள்கள் அள்ளிக்கொண்டன. அதே அட்டைகள் ஏல தளங்களில் இருமடங்கு விலைக்கு நின்றன. கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்களும் சேர்ந்துகொள்ள, அந்த வறட்சி இரண்டாண்டுகள் நீடித்தது. சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு சரக்கை வாங்கிவிடக் கூடாது என்ற நபிமொழி என் நினைவுக்கு வருகிறது. இந்த ஒப்புமை முழுமையானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே பாதிக்கப்படுபவர்களில் சந்தை விலை அறியாமல் விற்கும் வெளியூர்க்காரரும் உண்டு. இங்கே விற்பவர் எல்லாம் அறிந்த பெருநிறுவனம். ஆனால் சந்தைக்குள் கூடை ஏந்தி நிற்பவரின் நிலை இரண்டிலும் ஒன்றே. இந்த மாணவரே அப்படி நின்றவர்தாம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில், மதர்போர்டும் பவர் சப்ளையும் சேர்த்து எடுத்தால்தான் கார்டு என்று சொல்லித் திருப்பி அனுப்பியதை அவரே சினத்தோடு என்னிடம் கூறியிருக்கிறார்.

அதை நினைவூட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நிகாஹ் செலவு இருக்கிறது ஹஸ்ரத்” என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. பதினைந்தாயிரம் எனக்கும் சிறிய தொகையன்று.

ஒன்று மட்டும் கேட்டேன்: இதுவரை செய்த வீடுகளிலேயே பெரியது எவ்வளவு நினைவகம் எடுத்தது என்று பார்த்திருக்கிறாயா? பார்த்ததில்லை என்றார். 6 ஜிபி அட்டையில் எப்போதும் வழிந்துகொண்டே இருந்ததால் அளக்கும் எண்ணமே எழவில்லையாம். நண்பர் ஒருவரின் கணினியில் அந்தக் கோப்பை ஓடவிட்டு அளந்திருக்கிறார். ஒன்பதரை ஜிபி. ஆகவே 12 ஜிபி இப்போதைக்குப் போதும். தோட்டமும் மரங்களும் கேட்கும் வாடிக்கையாளர் வந்தால் போதாது. வேகத்தில் குறைந்தாலும் 16 ஜிபி உள்ள 4060 டிஐயை எடுக்கலாமா, 9070இன் விலை தெரியும்வரை பொறுக்கலாமா என்று அப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எதுவாயினும் தம் பெயரில் ஒன்றுதான் என்று நிய்யத் வைத்திருப்பதாகச் சொன்னார்.

நேற்று மறுபடியும் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். ‘வட்டியில்லாத் தவணை’ என்று கடைகள் அறிவிக்கும் திட்டத்தில் வாங்கலாமா என்று. பெயரை வைத்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பெரும்பாலும் வங்கி வட்டியைப் போட்டுவிட்டு, அதே அளவு தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கழிக்கிறார். வங்கிக் கணக்கில் வட்டி என்ற வரி தனியாக நிற்கும், அதன்மேல் ஜிஎஸ்டியும் வரும். திட்டத்தின் விவரத் தாளை எடுத்துக்கொண்டு வரும்படி சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வருகிறாராம்.