கும்பகோணம் பீரோவிலிருந்து ஜெமினி வரை... ஒரு விசா ஃபைலின் பயணம்!

சென்னைக்கு வருபவர்களுக்கு மெரினா, மயிலாப்பூர், தி.நகர் என்று ஒரு சுற்று உண்டு. அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வேறொரு சுற்று இருக்கிறது. கிண்டி, பாரிமுனை, அண்ணா சாலை. அங்கே பார்க்க வேண்டியவை கவுன்ட்டர், சீல், கையெழுத்து. அக்கா மகளுக்குத் துணையாக நானும் இந்தச் சுற்றில் போய் வந்தேன். ஊர் சுற்றிய களைப்பைவிட, எங்கள் குடும்பக் கணக்கை முதல்முறையாக முழுசாகப் பார்த்த பிரமிப்புதான் அதிகம்.

பீரோ திறக்கிறது

பயணம் தொடங்குவது விமான நிலையத்தில் அல்ல, வீட்டு பீரோவில். அமெரிக்கப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்ததும் 'ஐ-20' என்ற படிவத்தை அனுப்பும். என்ன படிப்பு, என்று தொடக்கம், ஒரு வருடத்துக்கு என்ன செலவு என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அந்தச் செலவை யார், எப்படிக் கொடுக்கப் போகிறார்கள் என்று காட்டத்தான் மீதிக் காகிதங்கள் அத்தனையும்.

கும்பகோணத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். அத்தானின் வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், வைப்பு நிதி ரசீது, வீட்டுப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாசில்தாரிடமிருந்து சொத்து மதிப்புச் சான்றிதழ். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஆடிட்டர் தரும் நிகர மதிப்புச் சான்று.

கல்விக் கடனுக்கு வங்கி அடமானம் கேட்டது. அத்தானின் அப்பா வாங்கிய மனையின் பத்திரம் மஞ்சள் துணிப்பையிலிருந்து வெளியே வந்தது. ''இத்தனை வருஷமா இந்தப் பையைவிட்டு அது வெளியே வந்ததே இல்லை'' என்றாள் அக்கா. பத்திரம் வங்கிக்குப் போனது. பதிலுக்குக் கடன் அனுமதிக் கடிதம் ஃபைலுக்குள் வந்தது. அதுவரை கல்லூரி, கோர்ஸ் என்றே பேசிக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் வட்டி எவ்வளவு, எத்தனை வருடத்தில் அடைக்க வேண்டும் என்று கேட்டாள்.

இனிஷியல் படுத்தும் பாடு

தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு தனிச் சோதனை இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் குறைவு. இனிஷியல்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். ஆதாரில் இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று இருக்கும்.

பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே சொல்லாக இருந்தால், அமெரிக்க விசாவில் அதையே குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று அச்சிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். பெற்றவர்கள் நாள், நட்சத்திரம் பார்த்து வைத்த பெயருக்கு இந்தக் கதி! எனவே விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பெயரையே மாற்றுவதென்றால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். வெறும் இனிஷியல் விரிவுதான் என்றால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்வது வழக்கம்.

கிண்டியும் பாரிமுனையும்

உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியலில் சென்னை. முதல் நிறுத்தம் கிண்டி, அண்ணா பல்கலைக்கழகம். அவள் படித்த கல்லூரி இதன் இணைப்பில் இருந்ததால், எல்லா செமஸ்டர் மதிப்பெண்களையும் தொகுத்துத் தரும் 'டிரான்ஸ்கிரிப்ட்' இங்கிருந்துதான் வர வேண்டும். வளாகத்துக்குள் இருக்கும் பொறியியல் கல்லூரி, 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் சென்னைக்கு அமெரிக்காவின் முதல் தூதரக முகவரும் நியமிக்கப்பட்டார். மரநிழலில் நின்று இதைச் சொன்னபோது, ''சித்தி, டோக்கன் நம்பர் கூப்பிடறாங்க'' என்று ஓடிவிட்டாள்.

அடுத்தது பாரிமுனை. உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களைச் சுற்றியுள்ள தெருக்களில் முத்திரைத்தாள், தட்டச்சு, நோட்டரி எல்லாம் கூப்பிடு தூரத்தில். செலவை ஏற்பதாக அத்தான் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் இங்கேதான் தயாரானது. மகளுக்குச் செலவு செய்வதற்கு அப்பா உறுதிமொழி எழுதித் தருவது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

இந்த அலைச்சலில் ஒன்று காதில் விழும். ''கணக்கில் பணம் இல்லையா? நாங்கள் போட்டுக் காட்டுகிறோம்'' என்பார்கள். அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் அந்த விசா மறுக்கப்படுவதோடு நிற்காது. அமெரிக்காவுக்குள் நுழையவே நிரந்தரத் தடை வரலாம்.

ஜெமினி நடைபாதை

கடைசி நிறுத்தம் அண்ணா மேம்பாலம். 1973-ல் திறந்த பாலம், இன்னும் வாயில் வருவது ஜெமினிதான். அதன் அருகே அமெரிக்கத் துணைத் தூதரகம். கதீட்ரல் சாலையின் எதிர்ப்புறம் செம்மொழிப் பூங்கா, ஒரு காலத்தில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த இடம்.

இங்கே வருவதற்குள் 'டிஎஸ்-160' விண்ணப்பம், 185 டாலர் விசா கட்டணம், 350 டாலர் 'செவிஸ்' கட்டணம் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். விசா கிடைக்காவிட்டாலும் விசா கட்டணம் திரும்பி வராது. கைரேகையும் புகைப்படமும் தனி மையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். நேர்காணலுக்கு செல்போன் கொண்டுபோகக் கூடாது. துணைக்கு வந்தவர்கள் வெளியேதான்.

வெளியே நிற்கும் பெற்றோர்கள், வருகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்க்கிறார்கள். விசா உறுதியானால் முத்திரையிடுவதற்காக பாஸ்போர்ட்டை உள்ளேயே வைத்துக்கொள்வார்கள். மறுத்துவிட்டால் பெரும்பாலும் கையிலேயே திருப்பித் தந்துவிடுவார்கள். வெறுங்கையோடு வந்தால் மகிழ்ச்சி என்று உலகத்தில் வேறெங்கும் இருக்காது!

எங்கள் பெண் வெறுங்கையோடு வந்தாள். ஃபைல் மட்டும் கக்கத்தில். ''எதையெல்லாம் பார்த்தாங்க?'' என்று அக்கா பரபரத்தாள். ''ஐ-20, பாஸ்போர்ட். மத்ததைத் திறக்கவே இல்லம்மா. யார் செலவு பண்றாங்க, கடன் எவ்வளவு, எப்படி அடைப்பேன்னு கேட்டாங்க. சொன்னேன்.''

அக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இவ்வளவு அலைந்தது இதற்குத்தானா என்று. ஆனால், சில நிமிடங்களில் முடிகிற அந்தக் கேள்விகளுக்கு அவள் தடுமாறாமல் பதில் சொன்னதே இந்த அலைச்சலால்தான். பத்திரம் எந்த வங்கியில் இருக்கிறது, வட்டி எவ்வளவு என்று யாரும் சொல்லிக்கொடுத்து அவள் மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொரு காகிதத்தையும் அவளே கேட்டு வாங்கி, அவளே அடுக்கினாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஃபைல் தயாராகிறதா? ஏஜென்ட்டிடமோ அப்பாவிடமோ மொத்தமாக ஒப்படைத்துவிடாதீர்கள். தாலுகா ஆபீஸ் வரிசையில் பிள்ளையே நிற்கட்டும்.