ஒற்றை இழை

காஞ்சிபுரம் காந்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்து. கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் பியூட்டி பார்லர். ரோஸ் நிறத் திரைச்சீலை, இரண்டு சுழல் நாற்காலி, சுவரோரம் நீளப் பெஞ்சு. புருவம் திருத்திக்கொள்ள வந்தவர்கள் பெஞ்சில் முறைக்குக் காத்திருக்கிறார்கள்.

ஜன்னல் பக்கத்து நாற்காலியில் கல்யாணப் பெண். அவளுடைய இரண்டு கையும் இரண்டு பேர் பிடியில். வலது கையைப் பார்லர் நடத்தும் அக்கா மடித்த டவலின் மேல் வாங்கி வைத்திருக்கிறார். இடது கை, அங்கே தொழில் பழகும் சின்னப் பெண்ணிடம். நெற்றியில் விழும் முடியை ஒதுக்கக் கை இல்லாததால் கல்யாணப் பெண் கீழுதட்டைச் சுழித்து ஊதி ஊதிப் பார்க்கிறாள்.

வேலை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில். அங்கே நகம் வளர்க்க விடமாட்டார்களாம். லீவு போட்ட அன்றிலிருந்து நெயில் கட்டரைத் தொடவே இல்லை என்கிறாள். கை நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளரும். அந்தக் கொஞ்சத்தையும் வீணாக்காமல் ஓவல் வடிவம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

பழைய பாலிஷ் ரிமூவரில் கரைந்தாயிற்று. வெந்நீர்க் கிண்ணம் ஆவி பறக்க இருந்தாலும் அக்கா அதைத் தள்ளியே வைத்திருக்கிறார். தண்ணீரில் ஊறிய நகம் இளகிவிடும். இளகியதில் ஃபைல் போட்டால் அடுக்கு பிரியும். காய்ந்த நகத்தில் ஃபைல் வேலையை முடித்துவிட்டுத்தான் ஊற வைப்பது அவர் வழக்கம்.

இரண்டு கையிலும் ஒரே மாதிரி ஃபைல். ஒரு முகத்தில் 100 என்றும் மறு முகத்தில் 180 என்றும் அச்சடித்திருக்கிறது. எண் ஏற ஏறச் சொரசொரப்பு குறையும். ஆனால் இரண்டு கையிலிருந்தும் வரும் சத்தம் ஒன்றல்ல. வலது கையில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இழுப்பு, ஓர் இடைவெளி. மறுபடி ஓர் இழுப்பு. ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்ததும் அக்கா ஃபைலைத் தூக்கிவிடுகிறார். இடது கையில் இடைவெளியே இல்லை. ‘சரக் சரக்’ என்று போவதும் வருவதுமாக ஓடுகிறது.

நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் பெண்ணின் அம்மா. மடியில் துணிப்பை. முகூர்த்தச் சேலையைக் குச்சு கட்டக் கொடுத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். பை ஓரத்தில் அரக்கு நிறப் பட்டுநூல் சிட்டம் ஒன்று எட்டிப் பார்க்கிறது. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தார் சுற்றிய கை. ஆள்காட்டி விரலில் நூல் ஓடி ஓடிக் காய்த்திருக்கிறது. நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருக்கிறார். இதுவரை அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த ‘சரக் சரக்’ கேட்கும் போதெல்லாம் தலை மட்டும் இடது பக்கம் திரும்புகிறது.

சின்னப் பெண்தான் முதலில் முடிக்கிறாள். “ஆச்சுக்கா!” குரலில் ஜெயித்த பெருமை.

அக்காவும் கொஞ்ச நேரத்தில் முடிக்கிறார். கல்யாணப் பெண் பத்து விரலையும் ட்யூப் லைட்டுக்கு நேரே விரித்துப் பிடிக்கிறாள். பெஞ்சிலிருந்து பார்த்தால் எந்தக் கை யார் செய்தது என்று சொல்ல முடியாது. பத்தும் ஒரே அளவு, ஒரே வளைவு. பெஞ்சில் ஒருத்தி, “சூப்பரா இருக்கு” என்கிறாள். சின்னப் பெண் வெந்நீர்க் கிண்ணத்தைக் கிட்டே இழுக்கிறாள்.

“இரும்மா,” என்கிறார் அம்மா.

பையிலிருந்து சிட்டத்தை எடுக்கிறார். நூலின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து எதிர்த் திசையில் உருட்டுகிறார். முறுக்கு விட்டு, சேர்ந்திருந்த இழைகள் தனித்தனியாகப் பிரிகின்றன. அதில் ஒற்றை இழையை மட்டும் பிடித்துக்கொண்டு மகளின் இடது சுண்டுவிரல் நக விளிம்பில் வைத்து மெல்ல இழுக்கிறார். பாதி தூரம் போய் இழை நிற்கிறது. விடுவித்து அடுத்த விரலுக்குப் போகிறார். அங்கேயும் நிற்கிறது. இடது கையின் ஐந்து விரலிலும் இழை எங்காவது ஓரிடத்தில் மாட்டுகிறது.

சின்னப் பெண்ணின் முகம் சுருங்குகிறது. “ஷேப் கரெக்டாதானேக்கா வந்திருக்கு?”

“ஷேப்பு கண்ணுக்கு வந்திருக்கு,” என்கிறார் அக்கா. அதட்டல் இல்லை. அவள் விரலைப் பிடித்து, நகத்தின் அடிப்பக்க விளிம்பில் தடவ வைக்கிறார். “இங்க தொடு. பொடிப்பொடியா நிக்குது பாரு.”

அரிவாள் தீட்டினால் வாயோரத்தில் பிசிறு நிற்குமே, அதேதான் இது. நகத்தின் மொத்தக் கனமே அரை மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் மேல், நடு, அடி என்று மூன்று அடுக்கு. ஃபைல் முன்னும் பின்னும் அறுக்கும்போது அடுக்குகளின் ஓரம் இரு பக்கமும் அலைந்து பிய்கிறது. தேய்ந்த தூள் அடிப்பக்கம் ஒட்டி நிற்கிறது. மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. நடு அடுக்கின் நார்கள் விரலுக்குக் குறுக்கே படுத்திருப்பதால், பிசிறு துணியில் மாட்டி இழுபட்டால் நகமும் குறுக்கேதான் கிழியும்.

அம்மாவின் கவலை நகம் அல்ல. “முகூர்த்தச் சேலையில ஜரிகை இருக்கும்மா. இந்தப் பிசிறு பட்டா மேல சுத்தின தகடு பிரிஞ்சு வரும். கொசுவம் புடிக்கறப்ப ஒரு இழை இழுத்துச்சுன்னா அவ்வளவுதான், கோடு விழுந்துரும்.” பிறகு, யாரும் கேட்காமலே, “நாங்கல்லாம் நகம் வெட்டினா கருங்கல் படியில லேசா தேச்சுட்டுத்தான் ராட்டைகிட்டயே போவோம்” என்கிறார்.

இழை இப்போது வலது கைக்குப் போகிறது. கட்டைவிரல் வழுக்குகிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல், இரண்டும் வழுக்குகின்றன. மோதிர விரலின் வலது மூலையில் இழை நின்றுவிடுகிறது.

பெஞ்சு முழுக்க அக்காவைப் பார்க்கிறது. அக்கா சிரித்துவிடுகிறார். “என் வண்டவாளமும் தண்டவாளம் ஏறிடுச்சா!” சின்னப் பெண்ணுக்கு அப்போதுதான் மூச்சு வருகிறது.

வேலை மறுபடி ஆரம்பம். இப்போது இரண்டு கையும் அக்காவிடம். சின்னப் பெண் பக்கத்தில் குனிந்து நின்று பார்க்கிறாள். பழைய ஃபைல் ஓரம் போகிறது. டிராயரிலிருந்து 240 எண் போட்டது வெளியே வருகிறது. அக்கா அதை நகத்தின் அடிப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, ஒட்டியிருக்கும் தூளை வெளிப்பக்கமாக ஒரே தடவை வழிக்கிறார். பிறகு விளிம்பின் மேல், ஓரத்திலிருந்து நடுவுக்கு, காற்றில் கோடு போடுவது போன்ற லேசான கையில் இரண்டு இழுப்பு. எதிர் ஓரத்திலிருந்து இரண்டு. மூலைகளில் கூடுதலாக ஒன்று. மாட்டுவது பெரும்பாலும் மூலையில்தானாம். கடைசியாக பஃபர் கட்டையின் நைசான பக்கத்தை விளிம்பின் மேல் ஒரு முறை உருட்டி விடுகிறார். “அழுத்தாத. அழுத்தினா அடியில இன்னொரு பிசிறு கிளம்பும்” என்கிறார், கண்ணை எடுக்காமல்.

வடிவம் வந்த நேரத்தைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஆகிறது. நகங்களின் தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லை. சூப்பர் என்று சொன்னவள் இப்போது எதைச் சொல்லிப் புகழ்வது என்று தெரியாமல் போனைப் பார்க்கிறாள்.

கடைசி மூன்று விரலை சின்னப் பெண்ணிடம் விடுகிறார் அக்கா. இந்த முறை அவள் கையிலிருந்தும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இழுப்பு, ஓர் இடைவெளி. முடித்ததும் ஆச்சு என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தன் விரல் நுனியால் விளிம்பைத் தடவிப் பார்க்கிறாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள்.

அம்மா இழையை வைக்கிறார். சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று எங்கும் நிற்காமல் ஓடி வந்துவிடுகிறது.

“இப்ப தண்ணில வை,” என்கிறார்.

பெஞ்சிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் எழுந்து வந்து கையை நீட்டுகிறாள். “ஆன்ட்டி, எனக்கும் பாருங்களேன்.” வீட்டிலேயே ஃபைல் போடுகிறவளாம். இழை முதல் விரலிலேயே சிக்கிக்கொள்ள, பெஞ்சில் சிரிப்பு. அடுத்து இன்னொரு கை நீள்கிறது. அக்காவின் புருவ வேலை அப்படியே நிற்கிறது.

“ஏம்மா, அந்த நூல்ல ஒரு முழம் இங்கயே விட்டுட்டுப் போங்களேன்,” என்கிறார் அக்கா. “இனிமே இதுல தேறினாத்தான் எந்தக் கையும் கிண்ணத்துக்குப் போகும்.”

அம்மா சிட்டத்தைப் பையின் அடியில் திணிக்கிறார். “பட்டு விக்கிற விலைக்கு இது வேறயா? உங்க டப்பாவுல பஞ்சு கெடக்குதே, அத ஒரு தடவு தடவுங்க. பிசிறு இருந்தா அதுலயே ஒட்டிக்கும்.”