முதலிடத்தில் இருந்தபோதே நீக்கப்பட்டவர்

2016 என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதித் தொடர் என்றாலே எல்லோரும் லெப்ரான் ஜேம்ஸைத்தான் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். லீக் சுற்றில் 73 வெற்றி பெற்றுச் சாதனை படைத்த கோல்டன் ஸ்டேட் அணியிடம் 3-1 எனப் பின்தங்கிய கிளீவ்லேண்ட், அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றது. ஏழாவது ஆட்டத்தில், 89-89 என்றிருந்த நேரத்தில், இகுவோடாலா போட்ட பந்தை லெப்ரான் பின்னாலிருந்து ஓடிவந்து பலகையோடு தட்டினாரே, இன்றைக்குப் பார்த்தாலும் மெய்சிலிர்க்கிறது. 1964-க்குப் பிறகு பெரிய பட்டம் எதையும் காணாத ஊர் அது.

எனக்கோ டேவிட் பிளாட்தான் நினைவுக்கு வருவார். முந்தைய ஆண்டு அதே அணியை இறுதித் தொடர்வரை கொண்டுசென்ற பயிற்சியாளர். 2016 ஜனவரியில், 30 வெற்றி, 11 தோல்வி என்று கிழக்குப் பிரிவில் அணி முதலிடத்தில் இருந்தபோதே அவரை நீக்கினார்கள். அணிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றது நிர்வாகம். இருக்கலாம். உதவியாளராக இருந்த டைரன் லூ பொறுப்பேற்றார்; ஜூனில் கோப்பையும் வந்தது.

"அப்படியானால் நீக்கியது சரிதானே?" என்பார்கள். லூவின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் மாலை விழுவது கடைசியாகப் பாடம் நடத்தியவர் கழுத்தில்தான். ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவரை யாரும் தேடுவதில்லை. ஆசிரியராக இருந்தவர்களுக்கு இது புரியும். அந்தக் கோப்பையில் பிளாட்டின் 30 வெற்றிகளும் சேர்த்திதான்.