வடமும் அதன் இணைப்பும்

வடம் என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவது தேர்வடமே. ஊர் கூடி இழுக்கும் அதனை, புரி நெகிழ்ந்த இடம் உண்டோ எனப் பாராமல் தேரிற் பூட்டுவாரில்லை. இந்நாளிலோ ஒவ்வொரு விழாவிலும் மற்றுமொரு வடம் நம் காலடியிற் கிடக்கின்றது. அது மின்வடம். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்து ஆடி அமாவாசைத் தீர்த்தமாயினும், வைகாசியில் நிகழும் கண்ணகை அம்மன் சடங்காயினும், கல்லூரிப் பரிசளிப்பாயினும், விளக்கும் ஒலிபெருக்கியும் அதனாலேயே இயங்குகின்றன. ஆயினும் அதனை நின்று நோக்குவார் அரியர்.

தமிழாசிரியனுக்கு இஃது எதற்கு என வினவுவாரும் உளர். காரைதீவிலே 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டம் பெற்றவராயிருந்தே தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். அவர் பிறந்த மண்ணிலே இவ்வினாவுக்கு இடமில்லை. மேலும், நாடக மேடை அமைக்கும் பொறுப்புப் பெரும்பாலும் தமிழாசிரியன் தலையிலேயே வந்து சேர்கின்றது. மழை ஓய்ந்த மாலையில் ஈரப் புல்லின்மேல் வெறுங்காலோடு ஓடும் சிறுவரையும், அவர் கால்களுக்கிடையே கிடக்கும் வடத்தையும் ஒருங்கே கண்டவன் யான்.

சில ஆண்டுகளுக்கு முன் வாவிக்கரைச் சிற்றூரொன்றில் விழா நடுவே விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. கருகல் நாற்றம் எழுந்தது. மின்பிறப்பாக்கியை நிறுத்திப் பார்த்தபோது, பிளக் என நாம் வழங்கும் செருகி உருகி, சொக்கற்றோடு ஒட்டிக் கிடந்தது. அங்கிருந்த மின் தொழிலாளர், "சேர், வயரில ஒரு பிழையுமில்ல, பூட்டுத்தான் பிழைச்சுப் போச்சு" என்றார். அவ்வொரு வாக்கியம் எனக்கு நன்னூலின் புணரியலை நினைவூட்டிற்று. மாணவர் தனிச் சொல்லிலே பிழைவிடுதல் குறைவு. இரு சொற்கள் புணருமிடத்தேதான் பிழை மலிகின்றது. மின்வடமும் அத்தகையதே.

இதன் காரணம் எளிது. நமது நாட்டில் மின்சாரம் 230 வோல்ற்று; 13 அம்பியர் செருகி ஏறக்குறைய 3,000 வாற்று வரை தாங்கும். பித்தளை முனை இறுகப் பொருந்தினால் அங்குத் தடை மிகச் சிறிது. பிடி தளர்ந்து ஓர் ஓமின் பத்திலொரு பங்கு தடை தோன்றினாலும், 13 அம்பியர் ஓடும்போது விரல்நுனியளவான அவ்விடத்தே 17 வாற்று வெப்பம் பிறக்கும். வெப்பத்தால் பிடி மேலும் தளரும். தளர்வால் வெப்பம் மேலும் ஏறும். உருகியோ இதனை அறியாது. ஓட்டம் மிகவில்லையன்றோ!

மேனாட்டார் சிலர் சக்கரங்களின்மேல் வீடமைத்து ஊர் ஊராகச் சென்று, தங்குமிடந்தோறும் கம்பத்திலே வடத்தைப் பூட்டுவர். அமெரிக்காவில் அவ்வடங்கள் பெரும்பாலும் 30 அம்பியர், 50 அம்பியர் என இருவகை. அத்துணைப் பருத்த வடத்திலும் கருகுவது பெரும்பாலும் செருகியே. நமக்கோ வாவியின் உவர்க்காற்றும் பகையாகின்றது. பித்தளையிற் பச்சைக் களிம்பு ஏறினால் தடை பெருகும்.

ஆதலின் செய்யத்தக்கவை சில. பூட்டும்போது கருவியின் பக்கத்தை முதலிலும் மின்வழங்கும் பக்கத்தை இறுதியிலும் இணைத்தல் வேண்டும். கழற்றும்போது ஆளியை அணைத்து, மின்வழங்கும் பக்கத்தை முதலிற் கழற்றுக. வடத்தைப் பற்றி இழுக்காது செருகியைப் பற்றுக. உருளையிற் சுற்றிய வடத்தை முழுவதும் விரித்தே பெருஞ்சுமை ஏற்றுக. சுருளுக்குள் வெப்பம் வெளியேறாது. அரைமணி கழித்து மின்னை நிறுத்திச் செருகியைத் தொட்டுப் பார்க்க; சுட்டால் அது விலக்கத்தக்கது. களிம்பேறியதையும் கருகியதையும் டேப் சுற்றிக் காப்பாற்ற முயலாது மாற்றிவிடுக. இணைப்புகளை நிலத்திற் கிடத்தாது உயர்த்தி வைக்க. வெளியிடங்களுக்கு மூடியுடைய நீலநிற வட்டச் செருகியே ஏற்றது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இன்றி மேடைக்கு மின் கொடாதொழிக.

யாவற்றினுங் கொடியது ஒன்றுண்டு. மின்பிறப்பாக்கியிலிருந்து வீட்டுச் சொக்கற்றுக்கு மின் ஊட்டுவதற்காக, இருபுறமும் செருகி பொருத்திய வடம் அது. ஒருபுறத்தைக் கழற்றியதும் வெளியே நிற்கும் முனையிலே உயிர்கொல்லும் மின் இருக்கும். தெருக்கம்பியில் வேலை செய்பவரையும் அது கொல்லும். மின் தாக்கியவரைக் கையால் தொடாது, முதலில் மின்னைத் துண்டித்து, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தல் வேண்டும்.

பழைய மாணவ அன்பர்கள் கல்லூரிக்கு மண்டபமும் நூலும் வழங்கி வருகின்றனர். நிறைவிழா நினைவாக, தடித்த செப்புக் கம்பியாலான நல்வடங்கள் சிலவும், ட்ரிப் சுவிச் அமைந்த பலகையொன்றும் வழங்குவாராயின் அதுவும் பெருங்கொடையே. அதிலே பெயர் பொறிக்க இடமிராது. ஆயினும் விழா முடிந்து பிள்ளைகள் யாவரும் நலமே இல்லம் புகுவர்.