கடைசி எண்

மகாவலியைப் பற்றி எழுதுகிறவர்கள் மலையில் தொடங்கி அணைக்கட்டுகளில் முடித்துவிடுவது வழக்கம். கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று பெயர்கள் அடுக்கப்படும்; மின்சாரமும் ஏக்கரும் எண்ணப்படும். 335 கிலோமீற்றர் ஓடிவந்த கங்கை கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கும் கதை ஒரு வரியில் வந்தாலே அதிகம். பத்திரிகை அலுவலகத்தில் பல ஆண்டுகள் நான் வாசித்துத் திருத்திய கட்டுரைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன.

கணினியில் ஆற்றை வரைகிறவர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டோ என்று எண்ணத் தோன்றுகிறது.

1980களில் கனடாவின் ஏக்ரெஸ் நிறுவனம், மகாவலி நீர்த்தேக்கங்களை எவ்வாறு இயக்குவது என்பதைக் கணினி மாதிரி கொண்டு ஆராய்ந்தது. எவ்வளவு நீரைத் தேக்குவது, எப்போது திறப்பது, மின்சாரத்துக்கும் வயலுக்கும் எப்படிப் பங்கிடுவது என்பவையே அத்தகைய ஆய்வுகளின் கேள்விகள். 1976இல் பொல்கொல்லத் திருப்பம் தொடங்கியதிலிருந்து நதியின் நீர் பல திசைகளில் பிரிந்தது. ஒரு பகுதி போவதென்ன வழியாகக் கலா ஓயாவுக்கும், இன்னொரு பகுதி மினிப்பே வழியாக மதுறு ஓயாவுக்கும் செல்கிறது. எஞ்சியதே கீழே வருகிறது.

ஆற்று மாதிரியின் அடிப்படை எளிமையானது. ஆற்றைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் வந்த நீர், போன நீர், தங்கிய நீர் ஆகியவற்றைக் கணக்கிட்டு அடுத்த துண்டுக்குக் கைமாற்றுவார்கள். இதற்கான சமன்பாடுகளைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் செயின்ற் வெனான்ற் 1871இலேயே எழுதிவிட்டார். உப்பும் கணக்கில் சேரும்போது, அது நீரோடு நகர்வதையும் நீருக்குள் பரவுவதையும் கூடவே கணிக்க வேண்டும்.

ஆனால் ஆற்றின் இரு முனைகளிலும் கணினி தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. மேல்முனையில் வரும் நீரையும், கீழ்முனையில் கடல்மட்டத்தையும் உப்பின் அளவையும் நாம்தான் கொடுக்க வேண்டும். அதாவது, மூதூரும் கிண்ணியாவும் மாதிரிக்குள் நுழைவது நாம் இடுகின்ற ஓர் எண்ணாகவே. அந்த எண்ணை ஆற்றோரத்தில் நின்று அளந்தார்களா, மேசையில் இருந்து ஊகித்தார்களா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அது நன்னீரைவிடக் கனமானது. ஆகவே ஆற்றின் வரத்துக் குறையும்போது, மேலே நன்னீர் ஓடிக்கொண்டிருக்க, அடியில் உவர்நீர் ஆப்புப்போல மேல்நோக்கி ஊர்ந்துவரும். மேற்பரப்பில் அள்ளிக் குடித்தவருக்கு அது தெரியாது. ஆழத்தில் குழாயை இறக்கி நீரிறைப்பவரின் நாற்று கருகும்போதுதான் தெரியும். கிண்ணியாவிலிருந்து மூதூருக்குப் போகும் வழியில் உப்பாறு என்றே ஓரிடம் இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் வாயில் வைத்துப் பார்த்தே வைத்திருப்பார்கள்.

நம் கடைமடைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கங்கை கீழே வெருகலாறாகவும் பிரிகிறது. எந்தக் கிளைக்கு எவ்வளவு நீர் என்பது வெள்ளத்தோடும் மணலோடும் மாறும். 2006 ஜூலையில் மாவிலாற்றுத் துருசு மூடப்பட்டபோது பல்லாயிரம் குடும்பங்களின் வயல்களுக்கு நீர் நின்றது. அதிலிருந்தே பெரும்போர் மூண்டது. 2004 ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளை உவராக்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இதே நிலத்தை நன்னீரால் மூழ்கடித்தது. ஒரு மாதிரியைச் செம்மைப்படுத்த நீண்டகால அளவீடுகள் வேண்டும். துப்பாக்கிகளுக்கிடையே அளவுகோலை ஊன்றிக் குறிப்பெடுப்பது எத்தனை கடினம் என்பதை அக்காலத்தில் அங்கே செய்தி சேகரித்த எவரும் அறிவர்.

மாதிரிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறுபோகத்தில் மேலே ஒரு கதவை மூடினால் கீழே உவர் எத்தனை கிலோமீற்றர் ஏறும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய வழி இதைவிட வேறில்லை. ஆனால் அந்தக் கேள்வியை யாராவது கேட்டால்தான் கணினி விடை சொல்லும். கேட்கவேண்டியவர்கள் கொட்டியாபுரத்து விவசாயியும் களப்பில் வலைவீசுபவரும். எந்த மாதத்தில், எந்தத் திருப்பம்வரை நீர் கரிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை அளவீடாக்க ஆற்றின் அடியில் சில மானிகள் போதும். பெறும் விடையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஊர்ப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒட்டிவைத்தால், அடுத்த போகத்துக்கு விதைப்பதா வேண்டாமா என்று அவர்களே முடிவெடுப்பார்கள்.