இன்று ஒரு நாள்தானே!

தின்ற உணவைப் பற்றி ஒரு தோட்டத்துக் கிராணி கட்டுரை வரைவது வாசகர் சிலருக்கு நகைப்பாக இருக்கலாம். நகைத்தாலும் பாதகமில்லை, அன்று அவ்விடத்திலேயே பதினொருவர் நகைத்துத் தீர்த்துவிட்டனர்.

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்தார் நாற்பது பேர் பஸ் அமர்த்திக்கொண்டு, குளுவாங்கிலிருந்து ஜொகூரின் தென்கோடியிலுள்ள லெகோலாந்துக்குச் சென்றோம். 2012 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்கேளிக்கைப் பூங்காவை எங்களுள் எவரும் முன்னர்க் கண்டதில்லை. மாதந்தோறும் சிறுகச் சிறுக ஓராண்டு சேர்த்த பணத்தில் அமைந்த பயணம் அது. வசூலித்துக் கணக்கெழுதியவன் யான். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை விளையாட்டுக் கட்டிகளாலேயே கட்டி நிறுத்தியிருந்த விந்தையையும், ஆகாயத்தில் சுழன்றோடும் வண்டிகளையும் பற்றி வேறு எவரேனும் எழுதட்டும். யான் சொல்ல வந்தது நடுப்பகல் ஒரு மணிக்கு நடந்தது.

அங்குள்ள துரித உணவுச்சாலையில் இலை போட்டுப் பரிமாறுவார் இல்லை. வரிசையில் நின்று, மேலே ஒளிவிடும் படங்களைப் பார்த்து, பணத்தை முன்னதாகக் கொடுத்து, தட்டை நாமே ஏந்தி வரவேண்டும். நின்று யோசிக்க இடமில்லை. பின்னால் நிற்பவருடைய மூச்சு கழுத்தில் படும். முன்னால் நிற்பவர் எதைக் கேட்டாரோ அதையே நம் நாவும் கேட்டுவிடும். எங்கள் கூட்டத்துக்கு முதல்வராய் நின்ற மண்டோர், பொரித்த கோழியும் சோறும் பெரிய குவளைச் சோடாவும் சேர்ந்த செட்டைக் கேட்டார். அடுத்து வந்த பத்துப் பேரும் அதையே கேட்டனர். பன்னிரண்டாவது ஆள் யான். வாட்டிய கோழித் துண்டுகள் வைத்த சாலட் ஒன்றும் வெறுந்தண்ணீரும் வேண்டுமென்றேன். கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் பயின்று, துரையிடம் தடுமாறாது பேசப் பழகிய என் குரல், ஒரு தட்டு இலையைக் கேட்கும்போது ஏனோ தாழ்ந்துபோயிற்று. விற்பனைப் பெண் இருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

இதன் காரணத்தைக் கூறவேண்டும். என் தந்தையார் முப்பது ஆண்டு பால் வெட்டியவர். ஐம்பத்து நான்காம் வயதில் காலில் கண்ட சிறு புண் ஆறாமல் பாதம் போயிற்று. இரண்டே ஆண்டில் அவரும் போனார். வைத்தியர் அவருக்குச் சொல்லாமல் இல்லை. அவரும் கேளாமல் இல்லை. ஆயினும் தீபாவளியன்று, "இன்று ஒரு நாள்தானே" என்பார். பொங்கல், மாரியம்மன் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, சம்பள நாள், விருந்தினர் வந்த நாள், எல்லாம் ஒரு நாள்தானே! யானோ செக்ரோல் எழுதுபவன். ஆள் வராத நாள்களை மாதக் கடைசியில் கூட்டுவது என் பிழைப்பு. அவர் இறந்த பின்னர் ஓரிரவு அவருடைய ஒரு நாள்களையும் கூட்டத் தொடங்கினேன். ஓர் ஆண்டுக்கு நூற்றைத் தாண்டியது. மேலே கூட்ட மனம் வரவில்லை.

2019 ஆம் ஆண்டு அரசாங்க சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரை மட்டும் தனியே எண்ணினால் 31.4. மூவரில் ஒருவர் என்று வையுங்கள். சென்ற ஆண்டு என் இரத்தத்தைச் சோதித்தார்கள். மூன்று மாதச் சராசரி 6.1 என்று வந்தது. 6.3 ஐத் தொட்டால் நோயாளி என்பது இங்குள்ள வைத்தியர் வழக்கு. எல்லைக் கோட்டருகே நிற்கிறேன், வயது முப்பத்தாறு.

நிற்க. தட்டை ஏந்தி மேசைக்கு வந்ததும், "கிராணி ஆட்டோடு மேயப் புறப்பட்டார்" என்றான் ஒருவன். அனைவரும் சிரித்தனர், யானும் சிரித்தேன். அவர்களைக் குறை கூறமாட்டேன். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் தரித்த கதையைப் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தட்டு நிறைந்திருந்தால்தான் குடும்பத்துக்கு மானம். காசு கொடுத்துக் குறைவாக உண்பவனை அவர்கள் எவ்வாறு விளங்கிக்கொள்வர்?

கோழி நன்றாகவே இருந்தது. வெள்ளரியும் தக்காளியும் குளிர்ந்து, வெயிலுக்கு இதமாயிருந்தன. இலை மட்டும் வாயில் நெடுநேரம் சுற்றியது. அதன்மேல் ஊற்றத் தந்த குழம்பு தித்தித்ததால் பாதியை ஒதுக்கினேன். நான்கு மணிக்குப் பசித்தது, மறைப்பானேன்? மனைவியின் கைப்பையில் இருந்த கடலை காப்பாற்றியது.

என் எட்டு வயது மகளுக்கு மற்றவர் உண்டதையே வாங்கிக் கொடுத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அத்தனை பிள்ளைகள் நடுவில் அவள் ஒருத்திக்கு மட்டும் மறுக்கத் துணிவில்லை. நூறு மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை என்றால், 400 மில்லிக் குவளையில் 40 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டி. கணக்கை மனத்துள் போட்டுக்கொண்டே அவள் உறிஞ்சுவதைப் பார்த்திருந்தேன். "இன்று ஒரு நாள்தானே" என்று வாயெடுத்தவனும் யானே. சொல்லி முடித்தபின்தான் அது யாருடைய சொல் என்பது உறைத்தது. அவள் என் தட்டிலிருந்து ஒரு வெள்ளரித் துண்டை எடுத்துத் தின்றாள். குவளையில் கால் பங்கு மீந்தது.

திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாமில் பஸ் நின்றது. மண்டோர் தாமே நீரிழிவு மாத்திரை உண்பவர். பகலில் அப்பெரிய குவளையைச் சொட்டு மீதமின்றி முடித்தவர். "வாங்க கிராணி, பசியாறுவோம்" என்று என்னைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். யான் ஒரு தோசையும் தே ஓ கோசோங்கும் சொன்னேன். பையன் அவர் பக்கம் திரும்பினான். அவர் என் முகத்தைச் சற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கு ரொட்டிச் சானாய் இரண்டு. தே தாரே, கூராங் மானிஸ்" என்றார்.

அதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவதென்று யான் இன்னும் தீர்மானிக்கவில்லை.