பின்கதவும் ஒரு கதவே

காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது என்று விசாரிப்பார்கள். டயர்களைக் குனிந்து பார்ப்பார்கள். கதவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பழைய வண்டி வாங்கப் போகிறவர் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து அமர்ந்து பார்ப்பார். பின்கதவை வெளியிலிருந்து ஒருமுறை திறந்து மூடுவதோடு சரி. பின்னிருக்கையில் அமர்ந்து, கதவை மூடிக்கொண்டு, உள்ளேயிருந்து திறந்து பார்க்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

காரணம் கண்டுபிடிக்க முடியாததன்று. வண்டிக்குப் பணம் கொடுப்பவர், ஓட்டுபவர், பழுது பார்க்கக் கொண்டுபோகிறவர் எல்லோரும் பெரும்பாலும் முன்னால் அமர்கிறவர்களே. பின்னால் அமர்வோர் முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும். அவர்களுடைய கதவு சரியாகத் திறக்கிறதா என்பது முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவசரமாகத் தோன்றாது.

நாங்கள் ஐந்து நண்பர்கள். மூவருக்கு இராஜபாளையம், இருவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதேனும் ஒருவர் வீட்டில் கூடி, படித்த நூல்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துப் பதினொரு கிலோமீட்டர்தான். பேருந்துகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் கூட்டத்தின் ஆறாவது உறுப்பினருக்குப் பேருந்துப் படிகள் ஒத்துவரவில்லை. அவர் எங்கள் நண்பர் ஒருவரின் தாயார், ஓய்வுபெற்ற தமிழாசிரியை, எழுபத்து நான்கு வயது, இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். அவர் வராவிட்டால் கூட்டத்தில் பாதிச் சுவை இல்லை. எனவே ஐவரும் பங்கு போட்டு, பதினைந்து ஆண்டு ஓடிய சிறிய கார் ஒன்றை வாங்கினோம்.

வாங்கிய அன்றே அம்மாவைப் பின்னிருக்கையில் இடப்பக்கம் அமர்த்தி ஒரு சுற்றுச் சுற்றிவந்தோம். இறங்கும்போதுதான் செய்தி தெரிந்தது. அந்தக் கதவு வெளியிலிருந்து திறந்தது, உள்ளேயிருந்து திறக்கவில்லை. கைப்பிடி இழுத்த இழுப்புக்குத் தளர்வாக வந்து திரும்பிப் போயிற்று. கண்ணாடியும் மூன்று விரற்கடை இறங்கிச் சாய்ந்து நின்றுவிட்டது. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னோம். "பின்கதவுதானே அண்ணாச்சி! சைல்டு லாக் போட்டிருக்குன்னு நெனச்சுக்கோங்க" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். அம்மா சிரிக்கவில்லை.

"உள்ள இருக்கிறவ தொறக்க முடியலைன்னா அதுக்குப் பேரு கதவாப்பா? மூடிதானே?"

எங்களிடம் அதற்கு விடை இல்லை. மறுநாளே பட்டறைக்குப் போவதென்று முடிவாயிற்று.

பின்கதவு என்பது உபரியான பொருள் என்ற எண்ணம் ஒருகாலத்தில் கார் செய்தவர்களிடமும் இருந்தது. 1960களில் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆலையிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற கார் வெளிவந்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு அது. அதற்கு இரண்டே கதவுகள். பின்னால் போகவேண்டியவர் முன்னிருக்கையை மடக்கி, உடலைக் குறுக்கி நுழைய வேண்டும். புடவை கட்டிய பெண்களும் மூட்டுவலிக்காரர்களும் அதில் ஏறி இறங்குவதைக் கற்பனை செய்துபாருங்கள்! அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அதே நிறுவனம் நான்கு கதவுள்ள ஹெரால்டைச் செய்தது. இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டுக்கு அந்தப் பின்கதவுகள் கடைசிவரை வரவில்லை. குடும்பத்தோடு பயணம் செய்யும் நாட்டில், பின்னால் இருப்பவருக்கும் வாசல் வேண்டும் என்பது அன்றைக்கே ஒப்புக்கொள்ளப்பட்ட நியாயம்.

நாங்கள் முதலில் போன பட்டறையில், கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "முழுக் கதவையும் மாத்திரலாம். பழைய கதவு ஒண்ணு ஆறாயிரத்துக்கு வரும், பெயின்ட் தனி" என்றார்கள். நண்பர் ஒருவர் உடனே ஆண்டாள் கோயில் தேரை நினைவூட்டினார். ஆடிப்பூரத்துக்கு இழுக்கப்படும் அந்தப் பெருந்தேருக்கு இப்போது இருப்பவை இரும்புச் சக்கரங்கள். முன்பு இருந்தவை மரச்சக்கரங்கள். சக்கரம் பயன்படவில்லை என்பதற்காகத் தேரை யாரும் மாற்றிவிடவில்லையே! எந்த உறுப்பு கெட்டது என்று தெரியாதபோதுதான் முழுதையும் மாற்றச் சொல்லத் தோன்றும்.

இராஜபாளையத்தில் தென்காசி சாலையை ஒட்டி, வேப்பமரத்தடியில் இருக்கும் சிறிய பட்டறைக்காரர் வேறு மாதிரி. முதலில் கதவின் விளிம்பில், பூட்டுக்குக் கீழே இருக்கும் சிறு நெம்பை விரலால் தள்ளிப் பார்த்தார். அதுதான் சைல்டு லாக். அது விடுபட்ட நிலையில்தான் இருந்தது. "அப்ப உள்ள ஏதோ கழண்டிருக்கு. பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். பார்க்காமல் விலை சொல்லாதவரிடம் எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது.

கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியில் திருகாணியே தெரிவதில்லை. அதன் பின்புறம் குதிரை லாடம் போன்ற ஒரு சிறு கம்பிக் கிளிப் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவர் ஒரு துணிக்கீற்றைக் கைப்பிடிக்கும் கதவுக்கும் இடையே நுழைத்து, தயிர் கடைவதுபோல் இருபுறமும் இழுத்தார். கிளிப் துள்ளி வெளியே விழுந்தது. அந்தத் துணி, பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி. புண்ணுக்குக் கட்டுப்போடும் துணி கார்க் கதவுக்கும் வைத்தியம் செய்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி.

பிறகு கைதாங்கியின் இரண்டு திருகாணிகள், உள்கைப்பிடியைச் சுற்றிய சட்டத்தில் ஒன்று. கழற்றிய ஒவ்வொன்றையும் தரையில் விரித்த செய்தித்தாளில் இடமிருந்து வலமாக வைத்தார். "கடைசியாக் கழட்டுனதுதான் முதல்ல ஏறணும். வரிசை கலைஞ்சா வேலை கலைஞ்சிரும்." ரெக்ஸின் ஒட்டிய அட்டைப் பலகையை விளிம்பிலிருந்து நெம்பியபோது பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. மூன்று உடைந்தன. அவையும் கணக்கில் எழுதப்பட்டன.

பலகைக்குப் பின்னால் கரும்பசையால் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள் இருந்தது, பாதி கிழிந்திருந்தது. அது வெறும் தூசித்தாள் என்றுதான் நாங்கள் எண்ணினோம். அவர் மறுத்தார். மழை பெய்தால் கண்ணாடியில் வழியும் நீரில் ஒரு பகுதி, ரப்பர்ப் பட்டையைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கார்க் கதவு அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே வந்த நீரை இருக்கைப் பக்கம் வரவிடாமல் அந்தத் தாள் தடுக்கிறது. கதவின் அடி விளிம்பிலுள்ள சிறு துளைகள் அதை வெளியேற்றுகின்றன. எங்கள் கதவில் அந்தத் துளைகள் சேற்றால் அடைபட்டிருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து மழை எத்தனை ஆண்டுகள் உள்ளேயே தேங்கி நின்றதோ, அடித்தகடு துருவேறி உதிர்ந்தது.

"தண்ணி உள்ள வர்றது குத்தமில்ல. வெளிய போக வழியில்லாம நிக்கிறதுதான் குத்தம்" என்றார் அவர். கதவின் வயிற்றிலிருந்து அவர் கையால் அள்ளியெடுத்தவற்றில் வேப்பஞ்சருகு, ஒரு கொண்டை ஊசி, 2011இல் செல்லாமற்போன இருபத்தைந்து காசு ஒன்று, யாரோ ஒரு குழந்தையின் பம்பரக் கயிறு ஆகியவை இருந்தன. எல்லாம் பின்னால் அமர்ந்தவர்களின் பொருள்கள்.

கைவிளக்கை உள்ளே பிடித்தபோது நோய் தெரிந்தது. உள்கைப்பிடியிலிருந்து பூட்டுக்கு ஒரு மெல்லிய கம்பி போகிறது. கைப்பிடியை இழுத்தால் கம்பி பூட்டின் நாக்கை விடுவிக்க வேண்டும். கம்பியைப் பூட்டோடு இணைக்கும் பிளாஸ்டிக் கிளிப், சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும், முறிந்திருந்தது. கம்பி அந்தரத்தில் தொங்கியது. பத்து ரூபாய்ப் பொருள்! அதற்காகத்தான் ஆறாயிரம் ரூபாய்க் கதவும் பெயின்டும் பேசப்பட்டன.

கண்ணாடி வேலைதான் நேரம் எடுத்தது. கண்ணாடியைத் தாங்கி ஏற்றும் ரெகுலேட்டரின் கம்பிவடம் நைந்துபோயிருந்தது. அதை மாற்றக் கண்ணாடியை வெளியே எடுக்க வேண்டும். முன்கதவில் இது எளிது. பின்கதவிலோ சக்கரத்துக்கு இடம்விட்டுக் கீழ்மூலை வளைவாக வெட்டப்பட்டிருக்கிறது. முழு அகலக் கண்ணாடி அந்த வளைவுக்குள் இறங்காது. ஆகவே பின்பக்கம் அசையாத ஒரு சிறு கண்ணாடியை நிறுத்தி, நடுவில் செங்குத்தாக ஒரு சட்டம் வைத்து, மீதியை மட்டும் இறங்கச் செய்கிறார்கள். பின்கதவில் பல கார்களுக்கு அந்தச் சிறு கண்ணாடி ஏன் இருக்கிறது என்ற எங்கள் நெடுநாள் ஐயம் அன்று தீர்ந்தது. நடுச்சட்டத்தைத் தளர்த்திச் சாய்த்த பிறகே பெரிய கண்ணாடி மேல்வழியாக வெளியே வந்தது. பழைய பீடிங்கை உரித்துப் புதியது பதித்தார். துருவைத் தேய்த்து மருந்து பூசினார். துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தார்.

இடையில் எங்கள் தமிழார்வம் சும்மா இருக்கவில்லை. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் இளமையில் ஆசிரியராக இருந்த முறம்பு, இராஜபாளையத்துக்கு அருகில்தான் உள்ளது. அவர் பெயரால் அங்கே ஒரு கோட்டமும் உண்டு. அந்தக் காற்றின் விளைவோ என்னவோ, உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர் தேட ஆரம்பித்தோம். புதிதாக ஆக்க வேண்டிய தேவையே எழவில்லை. கதவு சுழலும் இடம் கீல். பூட்டிலிருந்து கவ்வும் உறுப்பு கொண்டி. தூணில் அது போய்ப் பிடிக்கும் வளையம் நாதாங்கி, அதாவது நாவைத் தாங்குவது. பட்டறைக்காரர் வியந்தார். "எங்க தாத்தா தச்சு வேலை பார்த்தவரு. வீட்டுக் கதவுக்கு இதே பேருதான் சொல்லுவாரு!" மரவாசலிலிருந்து இரும்புவாசலுக்குப் பெயர்கள் அப்படியே பொருந்தின. பொருந்தாதது ஒன்றுதான். வீட்டுக் கதவின் தாழ் உள்ளே இருப்பவர் கையில் இருக்கும்.

பூட்டியதைச் சோதித்த விதத்தையும் சொல்ல வேண்டும். பலகையைப் பொருத்துவதற்கு முன், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, கொண்டியை ஒரு திருப்புளியால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவந்தார். பிறகு உள்கைப்பிடியை இழுத்தார். 'டக்'கென்று கொண்டி விடுபட்டது. சைல்டு லாக்கைப் போட்டு இழுத்தார், விடுபடவில்லை. எடுத்துவிட்டு இழுத்தார், விடுபட்டது. பத்துமுறையாவது செய்திருப்பார். "இதப் பாக்காம கதவச் சாத்திட்டா, அப்புறம் உள்ளயும் தொறக்காது, வெளியயும் தொறக்காதுன்னு நிக்கிற நெலமை வந்திரும்" என்றார். அதன்பின் தாள், பலகை, கைதாங்கி, கைப்பிடி எல்லாம் செய்தித்தாளின் வலக்கோடியிலிருந்து தொடங்கி ஏறின. கிளிப்புகள், ரெகுலேட்டர், பீடிங், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு ரூபாய் ஆயிற்று.

அடுத்த ஞாயிறு கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில். வண்டி நின்றதும் வழக்கம்போல் ஒருவர் சுற்றிக்கொண்டு ஓடினார். அம்மா கையசைத்து அவரை நிறுத்தினார். தாமே திறந்தார், தாமே இறங்கினார். அன்று பேச எடுத்துக்கொண்ட நூல் திருப்பாவை. அம்மா சொன்ன ஒரு கருத்தை நாங்கள் அதுவரை எண்ணியதில்லை. முப்பது பாசுரங்களில் தோழியரை எழுப்பும் இடங்களில் பெண்கள் வாசலில் நின்று அழைக்கிறார்கள், கெஞ்சுகிறார்கள், கேலி செய்கிறார்கள். ஆனால் கதவைத் தள்ளிக்கொண்டு போவதில்லை. உறங்கும் மாமன் மகளிடம் நீயே தாழைத் திற என்றுதான் கேட்கிறார்கள். "உள்ள இருக்கிறவளுக்குத்தான் அந்த உரிமை. ஆண்டாள் அதைக் கடைசிவரைக்கும் மீறல" என்றார்.

இது வெறும் உரிமையோடு நிற்பதுமன்று. நிறுத்திவைத்த கார்களுக்குள் சிக்கிக் குழந்தைகள் மூச்சடைத்து இறந்த செய்திகளை நாம் கோடைதோறும் படிக்கிறோம். ஓடும் வண்டியில் குழந்தை கதவைத் திறந்துவிடாமல் காப்பதற்குத்தான் சைல்டு லாக். அந்தத் தேவை உண்மையானது. ஆனால் பின்னால் ஒரு முதியவர் அமரும் நாளிலும் அது போட்டபடியே இருந்தால், விபத்திலோ தீயிலோ அவர் வெளியே யாரேனும் வரும்வரை காத்திருக்க வேண்டும். இருக்கைப்பட்டையிலும் நம் மனப்பான்மை இதுவே. பின்னிருக்கைக்கும் பட்டை கட்டாயம் என்று விதி இருந்தும், 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்னிருக்கையில் பட்டை அணியாமல் பயணித்து விபத்தில் இறந்த பிறகே நாடு அதைப் பற்றிப் பேசியது. பின்னால் இருப்பவரின் பாதுகாப்பு, முன்னால் இருப்பவரின் நினைவில் இடம்பெற ஒரு மரணம் வேண்டியிருக்கிறது!

வாசக நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று மாலை உங்கள் வண்டியின் பின்னிருக்கையில் போய் அமருங்கள். ஒருவரை வெளியே துணைக்கு நிறுத்திக்கொண்டு, கதவை மூடி, உள்ளேயிருந்து திறந்து பாருங்கள். இருபுறமும் பாருங்கள். கண்ணாடியை முழுதும் இறக்கி ஏற்றுங்கள். கதவின் அடி விளிம்பைத் தடவி, நீர் வெளியேறும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். விளிம்பிலுள்ள சிறு நெம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் காட்டிக்கொடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.